பையன் ஹைஸ்கூல் பேஸ்கட்பால் கோச் ஆகணும்ங்கறான், இதை நம்பி வாழ்க்கை நடத்த முடியுமா?

எடிசன்_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூஜெர்சில இருக்கோம். பையன் காலேஜ் மூணாவது வருஷம், ஹிஸ்டரி மேஜர். ஹைஸ்கூல்ல வர்சிட்டி டீம்ல, அதாவது ஸ்கூலோட மெயின் டீம்ல, பேஸ்கட்பால் ஆடினான், நல்லாவே ஆடுவான், ஆனா காலேஜ் டீம்ல எடுக்கற அளவுக்கு உயரமும் இல்ல வேகமும் இல்ல, அது அவனுக்கே தெரியும். கொஞ்ச நாளா நம்ம டவுன் ரெக் லீக்ல சின்னப் பசங்களுக்கு சொல்லிக்கொடுக்கறான், அதுல அவன் முகத்துல வர்ற சந்தோஷத்த நான் வேற எதுலயும் பாத்ததில்ல. போன வாரம் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு தெளிவா சொல்லிட்டான், "ஹைஸ்கூல்ல ஹிஸ்டரி டீச்சரா சேந்து பேஸ்கட்பால் கோச் பண்ணப்போறேன், வாய்ப்பு வந்தா அப்புறம் காலேஜ் கோச்சிங் பக்கம் போவேன்"னு.

வீட்ல அவங்க அம்மாவுக்கு தூக்கமே இல்ல. ஊர்ல எங்க பெரியப்பா போன்ல கேட்டுட்டு "பி.டி. வாத்தியார் ஆகறதுக்கா அமெரிக்கால படிக்க வெச்சே"ன்னுட்டார். எனக்கு அவன தடுக்கணும்னு இல்ல, ஆனா இந்த லைன்ல ஒருத்தன் எப்படி மேல வர்றான், என்ன சம்பளம், பெரிய கோச்சுங்கன்னு பேர் வாங்கினவங்க எல்லாம் எங்கேந்து ஆரம்பிச்சாங்க, ஒண்ணுமே தெரியல. இங்க ஸ்போர்ட்ஸ் ஃபாலோ பண்றவங்க, ஸ்கூல்ல வேலை பாக்கறவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

ஹூசியர்_தமிழன்:

அண்ணா, பெரிய கோச்சுங்க எங்கேந்து ஆரம்பிச்சாங்கங்கறத முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா நான் இருக்கறது இண்டியானா, இங்க ஹைஸ்கூல் பேஸ்கட்பால்தான் ஊர்த் திருவிழா.

ஜான் வுடன் பேர் உங்க பையனுக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கும். யூசிஎல்ஏ காலேஜ் கோச்சா 12 சீசன்ல 10 நேஷனல் சாம்பியன்ஷிப், அதுல 1967லேர்ந்து 1973 வரைக்கும் இடைவெளியே விடாம 7, தொடர்ந்து 88 மேட்ச் தோக்காம இருந்தது, இதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க. அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் அவர் என்ன பண்ணிட்டிருந்தார்ங்கறதத்தான் நீங்க பாக்கணும். 1932ல பர்ட்யூ காலேஜ்ல முடிக்கும்போது அவர் நாட்டிலேயே பெஸ்ட் ப்ளேயர். அப்பேர்ப்பட்ட ஆள் போனது எங்கன்னா கென்டக்கில டேட்டன்ங்கற சின்ன ஊர் ஹைஸ்கூலுக்கு, டீச்சிங் பிளஸ் கோச்சிங். முதல் சீசன் 6 ஜெயிச்சு 11 தோத்தாங்க, அவர் கோச்சா இருந்த மொத்த காலத்துலயும் ஜெயிச்சத விட தோத்தது அதிகமா இருந்தது அந்த ஒரே சீசன்தான். அப்புறம் இங்க இண்டியானால சவுத் பெண்ட் சென்ட்ரல் ஹைஸ்கூல், 1934லேர்ந்து 1943 வரைக்கும், இங்கிலீஷ் வாத்தியார். "சக்ஸஸ் பிரமிட்"னு அவர் பேர்ல ஒரு படம் சுத்துது பாருங்க, அத அவர் யோசிக்க ஆரம்பிச்சது 1934ல ஹைஸ்கூல் க்ளாஸ்ரூம்ல, மார்க் கம்மியா வந்தா பேரண்ட்ஸ் வந்து நிக்கறத பாத்து, மார்க்க வெச்சு ஒரு பிள்ளைய எடை போடறது சரியில்ல, தன்னால முடிஞ்சத முழுசா குடுத்தானாங்கறதுதான் அளவுன்னு தனக்குத்தானே எழுதிக்கிட்டார்.

போர் சமயத்துல நேவி, 1946ல இண்டியானா ஸ்டேட் காலேஜ். அங்க நடந்தது ஒண்ண சொல்லியே ஆகணும். 1947ல அவர் டீமுக்கு நேஷனல் டோர்னமெண்ட்ல ஆட அழைப்பு வந்தது, ஆனா கறுப்பின ப்ளேயர்கள் ஆடக்கூடாதுன்னு அப்ப ரூல். டீம்ல க்ளாரன்ஸ் வாக்கர்னு ஒரு பையன், ரிசர்வ் ப்ளேயர்தான், மெயின் ஆள் கூட இல்ல. அவன விட்டுட்டு வர முடியாதுன்னு வுடன் அழைப்பையே மறுத்துட்டார். அடுத்த வருஷம் ரூல் மாறிச்சு, டீம் போச்சு, வாக்கர் ஆடினான், காலேஜ் லெவல்ல சீசனுக்குப் பிந்தின டோர்னமெண்ட்ல ஆடின முதல் கறுப்பின ப்ளேயர் அவன்தான். சாம்பியன்ஷிப் கணக்கு எல்லாத்தையும் விட இது எனக்குப் பெருசு.

1948ல யூசிஎல்ஏ போனார், முதல் நேஷனல் டைட்டில் 1964லதான், அதாவது 16வது சீசன், வயசு 53. அது வரைக்கும் ஒழுங்கான ஜிம் கூட கிடையாது, மூணாவது மாடில காத்தே வராத ஹால், ப்ராக்டிஸுக்கு முன்னாடி அவரே தரைய துடைப்பார். இன்னிக்கு எந்த காலேஜ் ஒரு கோச்சுக்கு 16 சீசன் டைம் குடுக்கும் சொல்லுங்க.

கடைசி சீசன் 1974-75ல ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள், தார்ப், காலிமோர்னு பேர், ப்ராக்டிஸ்ல உக்காந்து அவர் பேசற ஒவ்வொண்ணையும் குறிச்சாங்க. 2,326 தடவை ஏதோ ஒண்ணு சொல்லியிருக்கார், அதுல பாராட்டு 6.9 பர்சென்ட், கோபம் 6.6 பர்சென்ட், முக்கால்வாசி இப்படி நில்லு, இப்படி பாஸ் பண்ணுன்னு வெறும் விஷயம். மோட்டிவேஷன் ஸ்பீச்சே இல்ல. வருஷத்தோட முதல் ப்ராக்டிஸ்ல சாக்ஸ் சுருக்கம் இல்லாம எப்படி போடறது, லேஸ் எப்படி கட்டறதுன்னு சொல்லிக்குடுப்பார், கால்ல கொப்புளம் வந்தா ஆட முடியாதில்ல. பின்னாடி ப்ரொஃபஷனல் பேஸ்கட்பால்ல பெரிய ஸ்டாரான கரீம் அப்துல் ஜப்பாரும் பில் வால்டனும் அத உக்காந்து கத்துக்கிட்டவங்கதான். உங்க பெரியப்பாகிட்ட சொல்லுங்க, அந்த ஆள் கடைசி வரைக்கும் வாத்தியாராத்தான் இருந்தார்னு.

டீச்சர்_மேரிலேண்ட்:

வணக்கம் அண்ணா. நான் இங்க பப்ளிக் ஹைஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர், அதனால காசு விஷயத்த நேரா சொல்லிடறேன். பெரும்பாலான ஸ்டேட்ல ஹைஸ்கூல் கோச்ங்கறது தனி வேலை இல்ல. டீச்சர் சம்பளம்தான் வருமானம், கோச்சிங்குக்கு சீசனுக்கு ஒரு ஸ்டைபண்ட், அது சில ஆயிரம் டாலர். சாயந்தர ப்ராக்டிஸ், மேட்ச் நாள் பஸ், வீக்கெண்ட் வீடியோ பாக்கறது, சம்மர் லீக், பேரண்ட்ஸ் மெயில், எல்லாத்தையும் மணிக்கணக்குல வகுத்துப் பாத்தா கையில ஒண்ணும் நிக்காது. அந்த ஸ்டைபண்ட நம்பி யாரும் இதுல இருக்கறதில்ல. ஆனா டீச்சர் வேலைக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டு, பென்ஷன் உண்டு, ஒரு தோத்த சீசனுக்காக வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, கோச் பதவி போனாலும் டீச்சர் வேலை இருக்கும். அந்த நிம்மதி காலேஜ் கோச்சிங்ல கிடையாது. உங்க வைஃப்கிட்ட முதல்ல இத சொல்லுங்க.

ரெண்டாவது, ஹைஸ்கூல ஒரு படிக்கட்டா மட்டும் பாக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க. எங்க ஏரியாலயே இருந்தவர் மார்கன் வூட்டன், ஹையட்ஸ்வில்ல டிமாத்தா ஹைஸ்கூல்னு ஆம்பளப் பசங்க மட்டும் படிக்கற கத்தோலிக் ஸ்கூல். 1956லேர்ந்து 2002 வரைக்கும் 46 சீசன் அதே ஸ்கூல்ல, 1,274 வெற்றி, 192 தோல்வி. உங்க பையன் மாதிரியே ஹிஸ்டரிதான், க்ளாஸ் எடுத்துக்கிட்டேதான் கோச் பண்ணார். காலேஜ்லேர்ந்து கூப்பிட்டாங்க, போகல. 2000ல பேஸ்கட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது பெரிய சாதனை பண்ணவங்களோட கௌரவப் பட்டியல்ல, சேத்தாங்க, ஹைஸ்கூல் கோச்சாவே.

அவர் ஜெயிச்சதுல ஒரு மேட்ச் மட்டும் சொல்றேன். 1965 ஜனவரி, நியூயார்க் பவர் மெமோரியல் ஸ்கூல், 71 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்ச டீம், நடுவுல நிக்கறது ஏழடி லூ ஆல்சிண்டர், அதான் பின்னாடி கரீம் ஆனவர். அவர் தலைக்கு மேல பால் போடணும்னா எவ்வளவு உயரமா எறியணும்னு பசங்களுக்குப் பழக்கறதுக்காக, ப்ராக்டிஸ்ல டென்னிஸ் ராக்கெட்ட கைல புடிச்சு தூக்கிக்கிட்டு நிக்க வெச்சார். டிமாத்தா 46-43ன்னு ஜெயிச்சது. பணம் செலவில்ல, பெரிய டெக்னாலஜி இல்ல, ஒரு வாத்தியார் மண்டைல தோணற ஐடியா.

காலேஜ் போற வழியும் அங்கயே இருக்கு. மைக் ப்ரேன்னு ஒருத்தர், வூட்டன்கிட்ட ஆடினவர், அப்புறம் அதே ஸ்கூல்ல ஹிஸ்டரி டீச்சர் பிளஸ் அசிஸ்டன்ட் கோச். 1987ல ட்யூக் காலேஜ்ல மைக் ஷஷெவ்ஸ்கிகிட்ட அசிஸ்டன்ட்டா போனார், பிறகு டெலவேர்ல ஹெட் கோச், 2000லேர்ந்து 2023 வரைக்கும் நோட்டர் டேம் ஹெட் கோச், அந்த காலேஜ் பேஸ்கட்பால்ல அவரளவுக்கு யாரும் ஜெயிச்சதில்ல. ஆரம்பம் ஒரு ஹிஸ்டரி க்ளாஸ்தான்.

எடிசன்_அப்பா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வைஃப் பக்கத்துல உக்காந்து படிச்சா, ஹிஸ்டரி டீச்சர்ங்கற இடத்துல கொஞ்சம் மூச்சு விட்டா. அவ கேக்கற ஒரே கேள்வி, ஹைஸ்கூல்ல பெரிய பேர் வாங்கினா நேரா காலேஜ்ல ஹெட் கோச்சா எடுத்துக்க மாட்டாங்களா, எதுக்கு அசிஸ்டன்ட்னு சுத்தணும்?

ஃப்ரிஸ்கோ_மாமா:

அதுக்கு பதில் அமெரிக்கன் ஃபுட்பால்ல இருக்கு தம்பி. ஜெரி ஃபாஸ்ட்னு ஒருத்தர், சின்சினாட்டில மோலர் ஹைஸ்கூல், 174 வெற்றி, 17 தோல்வி, 2 டிரா, ஸ்டேட் டைட்டில் 5. நோட்டர் டேம்ல கோச் ஆகணும்ங்கறது அவரோட வாழ்நாள் கனவு. 1981ல நேரா ஹைஸ்கூல்லேர்ந்து அந்த நாற்காலில கொண்டு போய் உக்கார வெச்சாங்க. அஞ்சு சீசன், 30 வெற்றி 26 தோல்வி 1 டிரா, அவரே விலகிட்டார். அவர் நல்ல கோச் இல்லன்னு சொல்ல மனசு வராது, ஹைஸ்கூல்ல செஞ்சது சும்மா வர்றதில்ல. ஆனா காலேஜ்ல நல்ல ப்ளேயர்கள தேடிப் பிடிக்கற வேலை, எதிராளியும் உங்க அளவுக்கே ஸ்காலர்ஷிப் பசங்கள வெச்சிருக்கறது, முன்னாள் மாணவர்கள் குடுக்கற ப்ரெஷர், டிவி, இதெல்லாம் வேற தொழில், அத பக்கத்துல இருந்து கத்துக்க அவருக்கு ஒரு வருஷம் கூட கிடைக்கல.

படிப்படியா போனவருக்கு உதாரணம் கஸ் மால்ஸான். 1991ல ஆர்க்கன்ஸால ஹியூஸ்ங்கற சின்ன ஊர் ஸ்கூல்ல அசிஸ்டன்ட், அப்புறம் பதினாலு பதினஞ்சு வருஷம் ஹைஸ்கூலேதான், 2006ல காலேஜ் பக்கம் வந்தார், அதுவும் ஹெட் கோச்சா இல்ல, அஃபென்ஸ், அதாவது அட்டாக், மட்டும் பாத்துக்கற கோஆர்டினேட்டரா. 2010ல ஆபர்ன் காலேஜ் நேஷனல் டைட்டில் ஜெயிக்கும்போதும் கோஆர்டினேட்டர்தான். 2013ல அதே ஆபர்ன்ல ஹெட் கோச், முதல் சீசன்லயே நேஷனல் ஃபைனல்.

டெக்ஸாஸ் கதை தனி. இங்க ஹைஸ்கூல் ஃபுட்பால் ஹெட் கோச் முழு நேர வேலை, பெரிய ஸ்கூல்னா வருஷம் 1 லட்சம் டாலருக்கு மேல சம்பளம் சாதாரணம், நிறைய இடத்துல அவரே மொத்த ஸ்போர்ட்ஸுக்கும் பொறுப்பு. எங்க பக்கத்து ஊர் ஆலன்ல ஸ்கூல் ஸ்டேடியம் 18,000 பேர் உக்காரலாம், 60 மில்லியன் டாலர் செலவு, 2012ல திறந்தாங்க, 2014ல கான்க்ரீட்ல விரிசல் விட்டு ஒரு சீசன் முழுக்க மூடியும் வெச்சாங்க. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட பணம் அது. ஆனா பணம் எங்க இருக்கோ நெருக்கடியும் அங்க இருக்கும், ரெண்டு சீசன் சரியில்லன்னா கடைல சாமான் வாங்கும்போதே கேப்பாங்க. பேஸ்கட்பாலுக்கு இந்த சம்பளம் எல்லாம் எதிர்பாக்காதீங்க.

ஜெர்சிசிட்டி_நைட்ஷிப்ட்:

என்னய்யா எல்லாரும் இண்டியானா டெக்ஸாஸ்னு போறீங்க, கேள்வி கேட்டவர் நியூஜெர்சி, இங்க பாப் ஹர்லி இருக்கும்போது வேற யார பத்தி பேசணும்?

ஜெர்சி சிட்டில செயின்ட் அந்தோணி ஹைஸ்கூல், பாதிரியார் ஸ்கூல்னாலும் பணக்கார ஸ்கூல் இல்ல, ஏழைப் பசங்கதான் நிறைய, சொந்தமா ஜிம்மே கிடையாது. ஒயிட் ஈகிள் ஹால்னு பிங்கோ ஆடற பழைய ஹால்ல ப்ராக்டிஸ். 1972லேர்ந்து 2017 வரைக்கும் அவர் ஹெட் கோச், 1,184 வெற்றி, 28 ஸ்டேட் சாம்பியன்ஷிப், 2010ல ஹால் ஆஃப் ஃபேம். அவர் டீச்சர் கூட இல்ல, பகல்ல ப்ரொபேஷன் ஆபீசர் வேலை, கோர்ட்ல தண்டனை வாங்கின பசங்கள கண்காணிக்கற வேலை. எந்தத் தெரு ஒரு பையன எங்க கொண்டு போய் விடும்னு பகல்ல பாப்பார், சாயந்தரம் அந்தத் தெருவுக்குப் பசங்க போகாம இருக்க ரெண்டு மூணு மணி நேரம் உயிர எடுப்பார். கத்துவார், ரொம்ப கடுமையான ஆள், வுடன் மாதிரி இல்ல. ஆனா அவர்கிட்ட ஆடினவங்கள்ல விரல் விட்டு எண்ணற சிலரைத் தவிர எல்லாரும் காலேஜ் போனாங்க. காலேஜ் கூப்பிட்டும் போகாம அங்கயே இருந்தார். கடைசில ஸ்கூலுக்கே பணம் இல்லாம 2017ல மூடிட்டாங்க, அவர் நிதி திரட்ட எவ்வளவோ ஓடினார், முடியல. அத நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. அத்தன கோப்பை வாங்கின ஸ்கூல காப்பாத்த இந்த ஊர்ல பணம் இல்லாம போச்சுங்கறத எப்படி ஏத்துக்கறது?

அவர் பையன் டான் ஹர்லி நியூவார்க் செயின்ட் பெனடிக்ட்ஸ்ல 2001லேர்ந்து 2010 வரைக்கும் ஹைஸ்கூல் கோச், அப்புறம் வாக்னர்னு சின்ன காலேஜ், ரோட் ஐலண்ட், 2018ல யூகான், அதாவது கனெக்டிகட் யூனிவர்சிட்டி. 2023, 2024 ரெண்டு வருஷமும் நேஷனல் சாம்பியன். ப்ரொஃபஷனல் டீம் லேக்கர்ஸ் 6 வருஷத்துக்கு 70 மில்லியன் டாலர் தர்றோம்னு கூப்பிட்டாங்க, காலேஜே போதும்னுட்டார். ஒரே வீட்ல ரெண்டு வழியும் இருக்கு பாருங்க, அப்பா நகரவே இல்ல, பையன் ஒவ்வொரு படியா ஏறிப் போனார்.

அதனால நான் சொல்றது, டீச்சர் வேலைதான் வேணும்னு இல்ல. வேற வேலை பாத்துக்கிட்டும் கோச் பண்ணலாம், நிறைய ஸ்கூல் வெளி ஆள எடுக்கறாங்க.

டீச்சர்_மேரிலேண்ட்:

இதுல நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. ஹர்லி மாதிரி ஒருத்தரால முடிஞ்சது. சாதாரணமா மத்தியானம் 3 மணிக்கு ஜிம்ல நிக்கணும்னா எந்த ஆபீஸ் விடும்? அது மட்டுமில்ல, பில்டிங்குக்குள்ள இருக்கற கோச்சுக்குத்தான் எந்தப் பையன் அல்ஜீப்ரால ஃபெயில் ஆகப் போறான், யாருக்கு வீட்ல பிரச்சனைன்னு தெரியும். மார்க் குறைஞ்சா ஆட முடியாது, அத முன்னாடியே பிடிக்கறது காரிடார்ல நிக்கற டீச்சர்தான். எங்க ஸ்கூல்லயும் வெளி ஆள் கோச் இருக்கார், நல்லவர், ஆனா பாதி விஷயம் அவருக்கு லேட்டாத்தான் தெரியுது.

நாக்ஸ்வில்_அம்மா:

கோச்சுன்னாலே ஆம்பளைங்க பேர் மட்டும் வருதே. எங்க டென்னசில பாட் சம்மிட்ட விட்டுட்டு இந்தப் பேச்சே முழுசாகாது.

கிராமத்துப் பொண்ணு, விவசாயக் குடும்பம். இருந்த ஊர் ஹைஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு டீம் இல்லன்னு அவங்க அப்பா குடும்பத்தையே பக்கத்து கவுண்டிக்கு மாத்தினார். 1974ல யூனிவர்சிட்டி ஆஃப் டென்னசில மாஸ்டர்ஸ் படிக்க வந்த இடத்துல ஹெட் கோச் போயிட்டாங்க, 22 வயசு பொண்ணுகிட்ட பொண்ணுங்க பேஸ்கட்பால் டீம குடுத்துட்டாங்க. மாசம் 250 டாலர் சம்பளம். வேன் ஓட்டறது அவங்க, யூனிஃபார்ம் துவைக்கறது அவங்க, அந்த யூனிஃபார்மே டோனட் வித்த காசுல வாங்கினது. சீனியர் ப்ளேயர்களுக்கும் அவங்களுக்கும் வயசு வித்தியாசமே பெருசா இல்ல. பொண்ணுங்க விளையாட்டுக்கும் சம வாய்ப்பு தரணும்னு டைட்டில் 9 சட்டம் வந்து ரெண்டே வருஷம் ஆன நேரம், காலேஜ்களுக்கு அது இன்னும் மண்டைல ஏறவே இல்ல. 1976 ஒலிம்பிக்ஸ்ல ப்ளேயரா வெள்ளி, 1984ல கோச்சா தங்கம். டென்னசில 38 வருஷம், 1,098 வெற்றி, 8 நேஷனல் டைட்டில். இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, அவங்ககிட்ட நாலு வருஷம் முழுசா ஆடி முடிச்ச அத்தன பொண்ணுங்களும் டிகிரி வாங்கினாங்க, ஒருத்தர் பாக்கி இல்ல. 2011ல அல்சைமர்ஸ்னு தெரிஞ்சதும் மறைக்காம வெளிய சொன்னாங்க, சொல்லிட்டு இன்னொரு சீசன் கோச் பண்ணாங்க. 2016ல 64 வயசுல போயிட்டாங்க.

உங்க பையன் பொண்ணுங்க டீமுக்கும் அப்ளை பண்ணட்டும் அண்ணா, அங்க நல்ல கோச் நிறைய தேவை.

ஹூசியர்_தமிழன்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு.

காலேஜ் பக்கம் பத்தி ஒண்ணு சேத்துக்கறேன், ஏன்னா வுடன் காலத்துக் கதைய மட்டும் சொன்னா உங்க பையன தப்பா அனுப்பின மாதிரி ஆகிடும். வுடன் சம்பளம் கடைசி வரைக்கும் 35 ஆயிரத்த தாண்டலன்னு சொல்வாங்க. இன்னிக்கு நிறைய ஸ்டேட்ல அரசாங்கச் சம்பளம் வாங்கறவங்கள்ல முதல் இடத்துல இருக்கறது கவர்னர் இல்ல, காலேஜ் ஃபுட்பால் இல்லன்னா பேஸ்கட்பால் கோச். ஆனா அது உச்சில இருக்கற கொஞ்ச பேருக்கு. கீழ கிராஜுவேட் அசிஸ்டன்ட், வீடியோ பாக்கறவர், ஆபரேஷன்ஸ் பாக்கறவர்னு கம்மி சம்பளத்துல ஊர் ஊரா மாறிக்கிட்டே இருப்பாங்க, ஹெட் கோச்ச எடுத்துட்டா கூட இருக்கற எல்லாரும் பெட்டி கட்டணும். 2021 ஜூலைலேர்ந்து ப்ளேயர்கள் விளம்பரம் மாதிரி விஷயத்துல தங்க பேர வெச்சு காசு சம்பாதிக்கலாம், இப்ப காலேஜே நேரா பணம் குடுக்குது, வருஷா வருஷம் வேற காலேஜுக்கு மாறிக்கலாம். ப்ளேயர்களுக்கு அது நியாயம்தான், அவங்கள வெச்சு இத்தன வருஷம் மத்தவங்க சம்பாதிச்சாங்க. ஆனா ஒரு பையன நாலு வருஷம் வெச்சு வளக்கறது இப்ப கஷ்டம். வர்ஜீனியா கோச் டோனி பென்னட், 2019ல நேஷனல் சாம்பியன், 2024 அக்டோபர்ல சீசன் ஆரம்பிக்க மூணு வாரம் இருக்கும்போது விலகினார், இந்தப் புது சூழ்நிலைக்கு நான் சரியான ஆள் இல்லன்னு சொல்லிட்டு. இன்னிக்கு ஒரு பையன நாலு வருஷம் கூட வெச்சு சொல்லிக்குடுக்கணும்னா அதுக்கு இடம் ஹைஸ்கூல்தான்னு எனக்குத் தோணுது.

எடிசன்_அப்பா:

எல்லாத்தையும் ப்ரிண்ட் எடுத்து அவன்கிட்ட குடுத்தேன். ஹர்லி பத்தி எனக்கே அரை மணி நேரம் க்ளாஸ் எடுத்தான். இப்ப அவன் உடனடியா என்ன செய்யணும்?

டீச்சர்_மேரிலேண்ட்:

ஹிஸ்டரி மேஜர் மட்டும் போதாது, டீச்சர் சர்டிஃபிகேஷன் ப்ரோக்ராம்ல இந்த வருஷமே சேர முடியுமான்னு அட்வைசர்கிட்ட கேக்கட்டும், முடியலன்னா டிகிரிக்கு அப்புறம் வேற ரூட்ல எடுக்கணும், நேரமும் காசும் போகும். சோஷியல் ஸ்டடீஸ் டீச்சர் போஸ்டுக்கு போட்டி அதிகம், அதனால ஸ்பெஷல் எட் (மாற்றுத்திறன் உள்ள பசங்களுக்கு சொல்லிக்குடுக்கறது) சர்டிஃபிகேஷனும் சேத்து எடுத்தா சுலபமா வேலை கிடைக்கும். கோச்சிங்குக்கு சிபிஆர், ஃபர்ஸ்ட் எய்ட், கன்கஷன் (தலைல அடிபட்டு மூளை அதிர்றது) ட்ரெயினிங் பெரும்பாலான ஸ்டேட்ல கட்டாயம், ஆன்லைன்லயே சிலது முடிக்கலாம். அவன் படிச்ச ஹைஸ்கூல் கோச்சுக்கு இப்பவே எழுதட்டும், ஃப்ரெஷ்மன் டீமுக்கு (ஒன்பதாம் க்ளாஸ் பசங்க டீம்) வாலன்டியர் வேணுமான்னு. ஸ்கோர் புக் எழுதச் சொன்னாலும் போகட்டும். குளிர்கால டீம்களுக்கு ஆள் எடுக்கறத கோடைலயே ஆரம்பிச்சுடுவாங்க, நவம்பர் வரைக்கும் காத்திருந்தா இடம் இருக்காது.